பசி செத்துப்போன பிறகு

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ஈரோட்டில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கராக இருக்கிறேன், வயது 38. கடந்த 6 ஆண்டுகளில் பேலியோ, கீட்டோ, இடைவெளி விரதம் என்று ஒவ்வொன்றாக முயன்று, 14 கிலோ குறைந்து, 16 கிலோ ஏறி நிற்கிறேன். கைப்பேசிச் செயலி எனக்கு நாளொன்றுக்கு 1,200 கலோரி என்று விதித்திருக்கிறது. பகலெல்லாம் அதற்குள் அடங்கியிருந்துவிட்டு, இரவு 11 மணிக்கு, விளக்கைக்கூடப் போடாமல், அடுக்களையில் நின்றபடியே மீந்த சோற்றை ஊறுகாயோடு உண்கிறேன். பசித்துத்தான் உண்கிறேனா என்றால் தெரியவில்லை. பசி எப்படி இருக்கும் என்பதே மறந்துவிட்டது. அண்மையில் 'இன்ட்யூட்டிவ் ஈட்டிங்' பற்றிப் படித்தேன். உடல் கேட்பதை உண்ணலாம் என்பது தோற்றுப்போனவர்கள் சொல்லிக்கொள்ளும் சமாதானம்தானா? என் 7 வயது மகள் சென்ற வாரம் தட்டைத் தள்ளிவிட்டு, "அம்மா, இட்லி கெட்டதா?" என்று கேட்டாள். அன்றிலிருந்து மனம் சரியில்லை. இன்சுலின் போட்டுக்கொள்ளும் என் தாயாரும் இம்முறையைப் பின்பற்றலாமா என்பதையும் தெரிவிக்க வேண்டுகிறேன்.

ஒரு வாசகி, ஈரோடு

அன்புள்ள சகோதரிக்கு,

விளக்கைப் போடாமல் நின்று உண்கிறேன் என்ற வரியைத்தான் உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். தன் வீட்டில், தான் வடித்த சோற்றை ஒருவர் திருடுவதுபோல் உண்ண நேர்ந்ததற்குத் தன் மன உறுதி குலைந்ததே காரணம் என்று நீங்கள் எண்ணுகிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

1944 நவம்பரில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்னும் ஆய்வாளர், போருக்குச் செல்ல மறுத்த 36 இளைஞர்களை வைத்து ஒரு சோதனையைத் தொடங்கினார். உடல் நலமும் மன நலமும் உள்ளவர்கள் என்று தேர்ந்தெடுக்கப்பட்ட அவர்களுக்கு 24 வாரங்கள் அரைவயிற்று உணவு தரப்பட்டது. சராசரியாக நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,570 கலோரி. அவர்கள் ஆண்கள், வாரத்துக்கு 35 கிலோமீட்டர் நடக்க வைக்கப்பட்டவர்கள் என்பதால் உங்கள் 1,200 கலோரியோடு அதை நேராக ஒப்பிட முடியாது. ஆனால் அவர்களுக்கு நேர்ந்தவற்றைப் பாருங்கள். சமையலில் அதுவரை அக்கறையே இல்லாதவர்கள் சமையற் குறிப்புகளைச் சேகரிக்கத் தொடங்கினார்கள். உணவைக் கனவு கண்டார்கள். எரிச்சலும் சோர்வும் கொண்டார்கள். சிலர் ஒளித்து உண்டார்கள். சோதனை முடிந்து தாராளமாக உணவு கிடைத்த பிறகு, வயிறு முட்ட உண்டும் பசி அடங்கவில்லை என்று சொன்னவர்களும் இருந்தார்கள். பட்டினி போடப்பட்ட உடல் செய்வதைத்தான் உங்கள் உடலும் இரவு 11 மணிக்குச் செய்கிறது.

பசி மறந்துவிட்டது என்கிறீர்கள். நம் வீடுகளில் இதற்கு வேறொரு சொல் உண்டு: வேளை தவறிப் போய் உட்கார்ந்தால், 'பசி செத்துப்போச்சு' என்பார்கள். வயிற்றில் சுரந்து பசியைத் தூண்டும் கிரெலின் என்ற இயக்குநீரை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1999இல் கண்டறிந்தார்கள். வழக்கமாக உண்ணும் வேளை நெருங்கும்போது அது ஏறும். அவ்வேளையில் நீங்கள் உண்ணாவிட்டாலும் சற்று நேரத்தில் தானாகவே இறங்கிவிடும். செத்துப்போன பசி என்று நம்மவர்கள் சொன்னது இதைத்தான் என்று நினைக்கிறேன். இதேபோல, 'வாய் நமநமங்குது' என்பதை யாரும் பசி என்று சொன்னதில்லை. விருந்து முடிந்து எழுபவர், வயிறும் மனமும் நிறைந்தது என்று இரண்டையும் பிரித்தே சொல்கிறார். ஒன்று நிறைந்து மற்றது நிறையாமல் போகக்கூடும் என்பதைப் பேச்சிலேயே வைத்திருப்பவர்கள் நாம். கலோரிக் கணக்கில் அதற்கு இடமில்லை.

இன்ட்யூட்டிவ் ஈட்டிங் என்ற பெயரை 1995இல் தம் நூலுக்கு வைத்தவர்கள் எவ்லின் டிரைபோல், எலிஸ் ரெஷ் என்னும் இரு அமெரிக்க உணவியல் வல்லுநர்கள். அதை 'உள்ளுணர்வு வழி உண்ணுதல்' என்று தமிழாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. ஏதோ ஞானம் சித்திப்பதுபோல் ஒலிக்கிறது. பசிக்கும்போது உண்பது, நிறைந்ததும் நிறுத்துவது, எந்த உணவையும் பாவமாக எண்ணாதிருப்பது, துயரத்துக்கும் சலிப்புக்கும் சோற்றை மருந்தாக்காதிருப்பது ஆகியவைதான் அதன் சாரம். எடை குறைக்கும் வழியாக அவர்கள் இதை முன்வைக்கவில்லை. நானும் உங்களுக்கு அப்படி வாக்களிக்க மாட்டேன். எடை குறையலாம், அப்படியே நிற்கலாம், சற்று ஏறவும் செய்யலாம்.

தோற்றவர்களின் சமாதானமா என்ற உங்கள் கேள்வியில் ஒரு பகுதி நியாயம் உண்டு. உடலின் அறிவுக்குச் சான்றாகப் பலரும் காட்டுவது, கிளாரா டேவிஸ் என்ற மருத்துவர் சிகாகோவில் 15 குழந்தைகளைக் கொண்டு செய்து 1939இல் வெளியிட்ட ஆய்வு. தாய்ப்பால் மறந்த அக்குழந்தைகள் முன் 30க்கும் மேற்பட்ட உணவுகள் வைக்கப்பட்டன. குழந்தை கை நீட்டினால் மட்டுமே செவிலியர் ஊட்ட வேண்டும். கண்டபடி கலந்து உண்டாலும் எல்லாக் குழந்தைகளும் நன்றாக வளர்ந்தன. ஆனால் அந்தப் பட்டியலில் சர்க்கரையோ மைதாவோ இல்லை. சோதனையின் சூட்சுமமே பட்டியலில்தான் இருக்கிறது என்று டேவிஸே எழுதினார். 2019இல் அமெரிக்க ஆய்வாளர் கெவின் ஹால் குழுவினர் 20 பேரை ஆய்வுக்கூடத்தில் தங்கவைத்து, விரும்பிய அளவு உண்ணலாம் என்று சொன்னபோது, ஆலைகளில் பதப்படுத்திய உணவு தரப்பட்ட இரு வாரங்களில் அவர்கள், பதப்படுத்தாத உணவு தரப்பட்ட இரு வாரங்களைவிட நாளொன்றுக்கு 500 கலோரி அளவுக்குக் கூடுதலாக உண்டார்கள். எனவே, உடல் சொல்வதைக் கேளுங்கள் என்பவர்கள், உடலை ஏமாற்றவென்றே செய்யப்பட்ட பொட்டலங்களைப் பற்றியும் பேசியாக வேண்டும். பேசாதவர்களிடம் எனக்கு மரியாதை இல்லை.

செயலியை நீக்கிவிடுங்கள். அதற்காகப் பசி வரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். செத்த பசி மீளும்வரை சில வாரங்களுக்கு மூன்று வேளையும் குறித்த நேரத்தில், விளக்கைப் போட்டு, உட்கார்ந்து, சோறும் குழம்பும் காயுமாக உண்ணுங்கள். பகலில் வயிறார உண்டால் இரவின் வேகம் தணியும். தணியாமல், நிறுத்த இயலாத அளவுக்கு உண்பது தொடர்ந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அது நோயாகவும் இருக்கக்கூடும், சிகிச்சையும் உண்டு.

விலக்கி வைத்த பண்டங்களைப் பற்றி என் அனுபவத்தைச் சொல்கிறேன். ஓராண்டு நான் தராசில் அரிசியை நிறுத்து உண்டவன். அந்த ஆண்டில்தான் ஒரு திருமண வீட்டின் சமையற்கட்டில், அடுப்புப் புகைக்குப் பின்னால் நின்று மூன்று ஜாங்கிரிகளை விழுங்கினேன். பிறகு, மணப்பாறை முறுக்கை ஒரு டப்பா நிறைய வாங்கி, ஒளிக்காமல் மேசை மேலேயே வைத்தேன். முதல் வாரம் டப்பா இரண்டு முறை காலியானது. ஐந்தாவது வாரம் மனைவி அதைத் திறந்து பார்த்துவிட்டு, "நமத்துப்போச்சு, கொட்டிடவா?" என்று கேட்டாள். அது அங்கே இருந்ததே எனக்கு நினைவில்லை.

இனி உங்கள் மகள். இட்லி கெட்டது என்பதை அவள் உங்கள் முகத்திலிருந்து கற்றிருக்கிறாள். அதே இட்லியை அவளோடு உட்கார்ந்து நீங்கள் உண்டால் போதும், விளக்கவுரை தேவையில்லை. எலின் சேட்டர் என்ற அமெரிக்க உணவியலாளர் வகுத்த ஒரு பிரிவினை எனக்குச் சரியாகப் படுகிறது: எதை, எப்போது, எங்கே பரிமாறுவது என்பது பெற்றோர் பொறுப்பு, எவ்வளவு உண்பது, உண்பதா வேண்டாமா என்பது குழந்தையின் பொறுப்பு. நமக்கு இதன் இரண்டாம் பாதிதான் கடினம். இலையின் மேல் கையைக் குறுக்கே வைத்து மறைத்தாலும், விரலிடுக்கில் இன்னும் ஒரு கரண்டி விழும் ஊர் இது. அன்பினால்தான் அப்படிச் செய்கிறோம், மறுக்கவில்லை. ஆயினும் அவள் "போதும்" என்றால், பாட்டி உட்பட யாரும் இரண்டாம் முறை கேட்க வேண்டாம்.

உங்கள் தாயார் இதைப் பின்பற்றக் கூடாது. இன்சுலின் போட்டபின் பசிக்கவில்லை என்று வேளையைத் தள்ளிப்போட்டால், இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். அவருக்கு மருத்துவர் குறித்த நேரமும் அளவுமே பொருந்தும். மாற்றம் வேண்டுமென்றால் அந்த மருத்துவரிடமே கேளுங்கள்.

அன்புடன்.