உங்கள் மேசைக்கு எத்தனை மில்லிமீட்டர் வீரர்கள்?

கேள்வி: நெப்போலியன் காலப் போர்களை மேசைமேல் ஆடிப் பார்க்க நானும் நண்பரும் விரும்புகிறோம். உணவு மேசை நான்கடிக்கு மூன்றடி. மாலையில் இரண்டு மணி நேரம் கிடைக்கும். 28 மி.மீ. உயர உருவங்களா, 6 மி.மீ. உயர உருவங்களா? விதிகள் எவ்வளவு எளிமையாக இருக்கலாம்?

பதில்: முதலில் மேசையை அளந்துகொள்ளுங்கள். 28 மி.மீ. வீரர்கள் 24 பேரை இரண்டு அடுக்காக நிறுத்தினால் ஒரு பட்டாலியன் (சில நூறு பேர் கொண்ட காலாட்படைப் பிரிவு) ஏறத்தாழ 24 செ.மீ. அகலம் பிடிக்கும், ஐந்து பட்டாலியன்களிலேயே உங்கள் மேசை விளிம்புக்கு விளிம்பு நிரம்பிவிடும், பக்கவாட்டில் சுற்றி வளைக்க இடமே இராது. 6 மி.மீ. உருவங்களில் இடத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஒரு பட்டாலியனை ஒரே அடித்தட்டில் ஒட்டிவிட்டால் அதன் அணிவகுப்பு மாறுவது கண்ணுக்குத் தெரியாது. அந்தக் காலப் போரின் உயிரே அணிவகுப்பு மாற்றத்தில்தான் இருந்தது என்பதால், உங்களுக்கு நான் 15 மி.மீ. உருவங்களையே பரிந்துரைப்பேன். பட்டாலியனுக்கு 3 செ.மீ. அகலமுள்ள நான்கு அடித்தட்டுகள் போதும். நான்கும் பக்கம் பக்கமாக நின்றால் கிடைவரிசை. இரண்டுக்குப் பின் இரண்டாக நின்றால் நெடுவரிசை. அதே நான்கும் வெளிநோக்கித் திரும்பினால் சதுரம். (ஒரு நிறுவனத்தின் 15 மி.மீ. வீரன் இன்னொன்றின் வீரனைவிட ஒரு தலை உயரமாக இருப்பதுண்டு. ஒரு படைக்கு ஒரே இடத்தில் வாங்குவது நல்லது.)

விதிகளைப் பொறுத்தவரை, இந்த மூன்று அணிவகுப்புகளுக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டாத எளிமை எனக்கு உடன்பாடில்லை. சுடும்போது அடித்தட்டுக்கு ஒரு பகடை, 5 அல்லது 6 விழுந்தால் அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். கிடைவரிசை நான்கு பகடைகளை உருட்டும், ஆனால் மெதுவாக நகரும். நெடுவரிசை முன்னிரண்டு தட்டுகளுக்கு மட்டும் உருட்டும், விரைந்து நகரும். சதுரம் பக்கத்துக்கு ஒன்றே உருட்டும், குதிரைப்படையால் அதை உடைக்க முடியாது, பீரங்கிக்கோ அது கொழுத்த இலக்கு. நான்கு அடி வாங்கிய பட்டாலியன் களத்தை விட்டு விலகும்.

துப்பாக்கியின் வீச்சில்தான் பலரும் தாராளம் காட்டிவிடுகிறார்கள். உண்மையான பட்டாலியன் ஒன்றின் 600 பேர் மூன்று அடுக்காக நின்றால், ஆளுக்கு அரை மீட்டருக்குச் சற்றுக் கூடுதலாகக் கணக்கிட, அந்த வரிசை ஏறக்குறைய 110 மீட்டர் நீளும்; மஸ்கெட் துப்பாக்கி பயன்தரும் தூரமும் சுமார் 100 மீட்டர்தான். ஆகவே உங்கள் 12 செ.மீ. வரிசைக்கு வீச்சும் 12 செ.மீ. மட்டுமே. இதே கணக்கில் மேசையின் மூன்றடி 800 மீட்டருக்குச் சற்று மேலாகிறது; பீரங்கி அதைக் கடந்து எட்டும் என்பதால் அதற்கு எல்லை வேண்டாம், தொலைவில் பகடையில் 6 விழுந்தால் மட்டுமே அடி என்பது போதும்.

முதல் ஆட்டத்துக்கு வாட்டர்லூ வேண்டாம். 1806 ஜூலை 4 அன்று தெற்கு இத்தாலியின் மைதாவில் நடந்த போரை எடுத்துக்கொள்ளுங்கள்: பக்கத்துக்கு ஐயாயிரம் பேரைச் சுற்றியே படை, பிரெஞ்சுக்காரர்களிடம் குதிரைப்படை உண்டு, பிரித்தானியர்களுக்கோ அன்று காலை கரையிறங்கிய 20-ஆம் ரெஜிமென்ட் தாமதமாக வந்து சேர்கிறது. அது எந்தச் சுற்றில் மேசைக்கு வரும் என்பதைப் பகடையிடம் விட்டுவிடுங்கள். உருவங்கள் வாங்குமுன் அட்டையை 3 செ.மீ. துண்டுகளாக வெட்டி இதை இரண்டு முறை ஆடிப் பாருங்கள். அளவு பிடிக்காவிட்டால் இழப்பு ஒரு பழைய அட்டைப்பெட்டிதான்.