குளிர்பதன வாயுவும் புவி வெப்பமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

குளிர்பதனப் பெட்டிகளில் பயன்பட்ட குளோரோஃபுளோரோகார்பன் வாயுக்களை ஆராய்ந்த வீரபத்ரன் ராமநாதனைப் பருவநிலை அறிவியலாளர் என்று குறிப்பிட்டிருந்தீர்கள். குளோரோஃபுளோரோகார்பன் ஓசோன் படலத்தை அழிக்கும் என்றுதான் நான் படித்திருக்கிறேன். அதை ஆராய்ந்தவருக்கும் புவி வெப்பத்துக்கும் என்ன தொடர்பு? நான் இயந்திரவியல் இறுதியாண்டு மாணவி. பொறியியல் படித்தவர்கள் இத்துறைக்கு வர இயலுமா?

எஸ்., சேலம்

அன்புள்ள எஸ்.,

அந்த வாயுக்கள் ஓசோனை அழிக்கக்கூடும் என்று 1974இல் எச்சரித்தவர்கள் வேதியியலாளர்கள் மொலினாவும் ரோலண்டும். மறு ஆண்டே ராமநாதன் எழுப்பிய கேள்வி வேறு: தரையிலிருந்து மேலெழும் வெப்பக் கதிர்களை அவை என்ன செய்கின்றன? நீராவியும் கரியமில வாயுவும் அகச்சிவப்புக் கதிர்களில் பெரும்பகுதியை உறிஞ்சிவிடுகின்றன; ஏறத்தாழ 8 முதல் 12 மைக்ரான் வரையிலான அலைநீளங்களில் மட்டும் அவற்றின் பிடி தளர்ந்திருப்பதால், புவியின் வெப்பம் அந்தச் சாளரத்தின் வழியே விண்வெளிக்கு வெளியேறுகிறது. குளோரோஃபுளோரோகார்பன் அடைப்பது அந்தச் சாளரத்தையே. அதனால்தான் அதன் ஒரு மூலக்கூறு, கரியமில வாயுவின் 10,000க்கும் மேற்பட்ட மூலக்கூறுகள் தரும் வெப்ப விளைவைத் தருகிறது. மீத்தேன், நைட்ரஸ் ஆக்சைடு உள்ளிட்ட பிற வாயுக்களின் கூட்டு விளைவு கரியமில வாயுவுக்கு நிகராக வளரக்கூடும் என்று 1985இல் அவரும் சக ஆய்வாளர்களும் எழுதிய கட்டுரை இதன் தொடர்ச்சி.

அவரும் பொறியியல் படித்தவர்தான். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றபின் செகந்திராபாத்தில் ஒரு குளிர்பதன நிறுவனத்தில், குளிர்பதன வாயு கசிவதைத் தடுக்கும் பணியில் இருந்தார். பிறகு பெங்களூரு இந்திய அறிவியல் கழகம், அடுத்து அமெரிக்காவின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகம்; அங்கே அவர் ஆராய்ந்தவை வேற்றுக் கோள்களின் வளிமண்டலங்கள். தொழிற்சாலையில் கையாண்ட வாயுவே பின்னாளில் ஆய்வுப்பொருளாக வந்ததை வெறும் தற்செயல் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

அவருடைய பணிகளில் நான் மிகவும் மதிப்பது, 1990களின் இறுதியில் வளிமண்டல வேதியியலாளர் பவுல் குருட்சனுடன் சேர்ந்து நடத்திய இந்தியப் பெருங்கடல் ஆய்வு. தெற்காசியாவிலிருந்து பரவும் பழுப்புப் புகைமூட்டம் தரைக்கும் கடலுக்கும் வந்துசேரும் சூரிய ஒளியைக் குறைத்து, காற்றை மட்டும் சூடாக்குகிறது என்பதை அது அளவீடுகளால் நிறுவியது. கரியமில வாயு நூற்றாண்டுகள் தங்கும். அந்தப் புகைமூட்டத்தில் உள்ள கரித்துகளோ சில நாட்களில், மிஞ்சினால் சில வாரங்களில் காற்றிலிருந்து நீங்கிவிடும். ஆகவே அதைக் குறைத்தால் பலன் விரைவில் தெரியும் என்று வாதிட்டதோடு நில்லாமல், விறகடுப்புகளுக்கு மாற்றாகப் புகை குறைந்த அடுப்புகளை இந்தியக் கிராமங்களில் சோதித்துப் பார்க்கும் 'சூர்யா' திட்டத்தையும் அவர் முன்னெடுத்தார்.

உங்கள் வெப்பப் பரிமாற்றப் பாடத்தில் கதிர்வீச்சு குறித்த பகுதியை மீண்டும் ஊன்றிப் படியுங்கள். ராமநாதனின் கணக்குகளுக்கு அடித்தளம் அதுவே. இந்திய அறிவியல் கழகத்திலும் டெல்லி ஐஐடியிலும் உள்ள வளிமண்டல அறிவியல் மையங்கள் பொறியியல் பட்டதாரிகளையும் சேர்த்துக்கொள்கின்றன.