660, 800, 1000, 1200: குச்சவெளி வீதிக்கும் கண்டி ஏற்றத்துக்கும் எந்த எஞ்சின்?

உவர்மலையிலிருந்து ஓர் ஆசிரியை கேட்கிறார்: "குச்சவெளியில் உள்ள பாடசாலைக்கு வாரத்தில் ஐந்து நாளும் போய்வருகிறேன். இவ்வளவு காலமும் பஸ். இனிப் பாவித்த கார் ஒன்று எடுக்க நினைக்கிறோம். வீட்டில் நானும் கணவரும் இரண்டு பிள்ளைகளும் அம்மாவும். மாதம் ஒருமுறை அம்மாவைக் கிளினிக்குக்காகக் கண்டிக்குக் கூட்டிப்போக வேண்டும். சுசுக்கி எடுப்பது என்று முடிவாகிவிட்டது. ஆனால் வாகன் ஆர் 660, இந்திய ஓல்டோ 800, செலேரியோ 1000, ஸ்விப்ட் 1200, ஸ்விப்ட் 1000 டர்போ என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். சீசீ குறைந்தால் பெற்றோல் மிச்சம் என்கிறான் தம்பி. எதை எடுப்பது?"

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டுக்குச் சரியானது ஜப்பான் ஸ்விப்ட் 1200, டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுகிற சுழலி) இல்லாதது. அதற்குக் காசு எட்டாவிட்டால் செலேரியோ 1000. வாகன் ஆர் நல்ல கார், அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. ஆனால் அது உங்களுக்கான கார் இல்லை.

காரணம் எஞ்சினுக்கு முன்னாலேயே தொடங்குகிறது. ஜப்பானில் 660 சீசீ கார்கள் 'கேய்' என்ற தனி வகுப்பு. நீளம் 3.4 மீற்றர், அகலம் 1.48 மீற்றர், எஞ்சின் 660 சீசீ, ஆட்கள் நாலு பேர். இதற்கு மேல் போனால் அந்த வகுப்பில் பதிய முடியாது. அதனால் வாகன் ஆரின் பின் ஆசனத்தில் இரண்டு பேருக்குத்தான் சீற் பெல்ட் இருக்கும். நீங்கள் ஐந்து பேர். அம்மாவுக்கும் ஒரு பிள்ளைக்கும் நடுவில் மற்றப் பிள்ளையை நெருக்கி இருத்தி, பெல்ட் இல்லாமல் கண்டிக்குக் கொண்டுபோகிற பேச்சே வேண்டாம்.

இனி எஞ்சினுக்கு வருவோம். கார் விற்கிறவர் குதிரைவலுவைச் சொல்வார். அந்த எண் எஞ்சின் உச்சச் சுழற்சியில், நிமிடத்துக்கு ஆறாயிரம் தடவை கிட்டச் சுற்றும்போது வருவது. நாங்கள் யாரும் அப்படி ஓட்டுவதில்லை. நிலாவெளி, இறக்கக்கண்டி, கும்புறுப்பிட்டி என்று போகிற வீதியில் எஞ்சின் பெரும்பாலும் இரண்டாயிரத்தை ஒட்டித்தான் சுற்றும். அங்கே அது எவ்வளவு தரும் என்பதை முறுக்குவிசைதான், அதாவது எஞ்சின் தண்டைத் திருப்புகிற பலம்தான் சொல்லும். அதை நியூட்டன் மீற்றரில் அளப்பார்கள்.

வாகன் ஆரின் ஆர்06ஏ எஞ்சினுக்கு உச்ச முறுக்குவிசை ஆண்டைப் பொறுத்து 60 அல்லது 63. ஓல்டோ 800க்கு 69. செலேரியோவின் கே10பி எஞ்சினுக்கு 90. ஜப்பான் ஸ்விப்ட் 1200க்கு 118. ஸ்விப்ட் 1000 டர்போவுக்கு 150. முறுக்குவிசையைச் சுழற்சியால் பெருக்கினால் வலு வரும். அந்த உச்ச விசை முழுவதும் இரண்டாயிரத்திலேயே கிடைத்துவிடுகிறது என்று தாராளமாக எடுத்துக்கொண்டாலும், அந்தச் சுழற்சியில் வாகன் ஆர் தருவது 17, 18 குதிரைவலு. ஓல்டோ 20க்குச் சற்றுக் குறைவு, செலேரியோ 26க்குச் சற்றுக் குறைவு, ஸ்விப்ட் 1200 ஏறத்தாழ 33. டர்போவுக்கு உச்ச விசை 1700 சுழற்சியிலேயே வந்துவிடுவதால் அது உண்மையாகவே 43 வரை தரும். உச்ச வலுவில் ஸ்விப்ட் 1200க்கு 91, டர்போவுக்கு 102. பார்த்தால் கிட்டக்கிட்ட. கீழ்ச் சுழற்சியில்தான் இரண்டும் வேறு வேறு கார் என்று தெரிகிறது.

இதில் ஏசியைப் போடுங்கள். திருகோணமலையில் வைகாசி, ஆனி மாதத்தில் மத்தியானம் பாடசாலை விட்டு வருகிற நேரம் ஏசி இல்லாமல் இருக்க முடியுமா? சின்னக் காரின் கொம்பிறசர் இரண்டு மூன்று குதிரைவலுவை எடுத்துக்கொள்ளும். ஸ்விப்டில் அது பத்தில் ஒரு பங்குக்குள் அடங்கிவிடும். வாகன் ஆரில் ஆறில் ஒரு பங்கு போய்விடும். அதற்கு மேல் ஐந்து பேரின் பாரம்.

சரி, சீசீ குறைந்தால் பெற்றோல் மிச்சம் என்று உங்கள் தம்பி சொல்வது பிழையா? பாதி சரி. எஞ்சினுக்குப் பாரம் குறைவாக இருக்கும்போது சின்ன எஞ்சினே கெட்டிக்காரன். உள்ளே உராய்கிற பாகங்கள் குறைவு, காற்றை இழுக்க வீணாகிற வேலையும் குறைவு. நீங்கள் தனியே, மணிக்கு ஐம்பது அறுபதில், சமதரையில் குச்சவெளிக்குப் போனால் 660தான் வெல்லும். ஆனால் ஏற்றத்தில் முழுப் பாரத்தோடு மிதிக்கும்போது சின்ன எஞ்சினின் சுழற்சி நாலாயிரம், ஐயாயிரம் என்று ஏறும். முழு மிதியில் எஞ்சின் சூடு கூடாமல் இருக்க, எஞ்சினைக் கட்டுப்படுத்துகிற கணினியே வழமையை விடக் கூடுதலாகப் பெற்றோலை ஊற்றும். அங்கே மிச்சமெல்லாம் கரைந்துவிடும். பெரிய எஞ்சின் அதே ஏற்றத்தைப் பாதி மிதியில் ஏறி முடித்திருக்கும்.

உங்கள் கண்டிப் பயணம் இதற்கு நல்ல சோதனை. கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை வரை வீதி பெரிதாக ஏறாது. ஆனால் சீனக்குடாவிலிருந்து மாவும் சீமெந்தும் ஏற்றிப்போகிற லொறிகள் அதே ஏ6 வீதியில்தான். ஊருக்கு வெளியே கார்களுக்குச் சட்ட வேகம் 70. லொறி 50இல் போகிறது. அதை முந்தி முடிக்கிற வரைக்கும் நீங்கள் எதிர்ப்பக்கத்தில் இருக்கிறீர்கள். அந்தச் சில செக்கன்களைக் குறைப்பது முறுக்குவிசைதான். எஞ்சினைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் பெற்றோல் செலவையே பேசுகிறார்கள். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு லொறியை முந்துகிறவருக்கு இதுதான் முதற் கேள்வியாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். தம்புள்ளை தாண்டி, நாவுல கழிந்து மாத்தளைப் பக்கம் ஏறத் தொடங்கினால், கியர் இல்லாத சீவீரீ பெட்டியோடு வருகிற வாகன் ஆர் ஐந்து பேரை வைத்து இரைகிற இரைச்சலில் காருக்குள் கதைக்கவே முடியாது.

விளம்பரத்தில் வருகிற கிலோமீற்றர் கணக்கை அப்படியே நம்ப வேண்டாம். 2017 வாகன் ஆர் ஹைபிரிட்டுக்கு ஜப்பானில் சொன்னது லீற்றருக்கு 33.4 கிலோமீற்றர். அதே ஆண்டு ஸ்விப்ட் 1200க்கு 24, அதன் மைல்ட் ஹைபிரிட்டுக்கு 27.4, டர்போவுக்கு 20. இவை ஜேசி08 என்ற சோதனையின் எண்கள். ஆய்வுகூடத்தில், உருளைகளின் மேல், ஏசி போடாமல், சராசரியாக மணிக்கு 25 கிலோமீற்றருக்கும் குறைந்த வேகத்தில் ஓட்டி எடுப்பது. ஒரே கொம்பனியின் கார்களை ஒன்றோடொன்று ஒப்பிட உதவும், உங்கள் பட்ஜெட்டுக்கு உதவாது. நீங்களே ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் 1400 கிலோமீற்றர் ஓடுகிறீர்கள், ஒரு கார் லீற்றருக்கு 18 தருகிறது, மற்றது 15 தருகிறது என்று வைப்போம். வித்தியாசம் மாதத்துக்கு ஏறத்தாழ பதினைந்தரை லீற்றர். லீற்றர் 300 ரூபா என்றால் 4,650 ரூபா. இது சின்னக் காசு இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கார் விலையில் சில இலட்சம் வித்தியாசம் வரும்போது அதையும் இந்தக் கணக்கோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

அப்படியென்றால் டர்போவை ஏன் எடுக்கச் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். ஓட்ட அருமையான எஞ்சின் அது. 1000 சீசீக்குள் வரி குறைவு என்பதால்தான் எங்கள் நாட்டுக்கு அது இவ்வளவு வந்தது. ஆனால் அது பராமரிப்பை எதிர்பார்க்கிற எஞ்சின். பெற்றோலை நேரே சிலிண்டருக்குள் பீச்சுகிற அமைப்பு என்பதால், உள்ளிழுக்கும் வால்வுகளைப் பெற்றோல் கழுவாது. காலப்போக்கில் கரி படியும். டர்போவின் தண்டு எஞ்சின் ஒயிலிலேயே மிதந்து சுற்றுகிறது, ஒயில் பிந்தினால் முதலில் அடிபடுவது அதுதான். பாவித்த டர்போவை எடுக்கும்போது முந்தைய சொந்தக்காரர் ஐயாயிரம் கிலோமீற்றருக்கு ஒருமுறை ஒயில் மாற்றினாரா என்பது சேர்விஸ் பதிவு இல்லாமல் தெரியாது. பதிவு முழுவதும் இருந்தால், விலையும் சரியாக வந்தால், எடுங்கள். இல்லாவிட்டால் கிட்டவும் போக வேண்டாம்.

ஸ்விப்ட் 1200இன் டுவல்ஜெட் எஞ்சின் இதற்கு நேரெதிர். ஒவ்வொரு சிலிண்டருக்கும் பெற்றோல் பீச்சுகிற இன்ஜெக்டர் இரண்டு. இரண்டும் வால்வுக்கு வெளியேதான் பீச்சும், அதனால் வால்வு சுத்தமாக இருக்கும். நாலு சிலிண்டர், அதனால் நடுக்கமும் குறைவு. வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைப்பது டைமிங் செயின். எங்கள் பக்கத்துக் கராஜ்களில் நன்றாகக் கை பழகிய எஞ்சின்.

ஓல்டோ 800இல் செயின் இல்லை, பெல்ட். எப்போது மாற்றினார்கள் என்று எழுத்தில் இல்லாவிட்டால் வாங்கிய கையோடு மாற்றிவிட வேண்டும். மற்றப்படி எளிய எஞ்சின், உதிரிப்பாகம் மலிவு. தனியே ஓடுகிறவருக்குப் போதும், ஐந்து பேருக்கு அல்ல. செலேரியோவுக்குச் செயின் இருக்கிறது, ஐந்து ஆசனமும் இருக்கிறது. முந்தும்போது கொஞ்சம் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

ஹைபிரிட் என்று ஒட்டியிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். வாகன் ஆரிலும் பெரும்பாலான ஸ்விப்டிலும் இருப்பது மைல்ட் ஹைபிரிட். பற்றறிக்கு மின்சாரம் தருகிற ஒல்டர்னேற்றர் இருக்கிற இடத்தில் பெல்ட்டோடு ஒரு சின்ன மோட்டார். ஸ்விப்டில் அதன் வலு 2.3 கிலோவாற், அதாவது மூன்று குதிரைவலு. பிரேக் பிடிக்கும்போது மின்சாரத்தைச் சேமித்து, எடுபடும்போது கொஞ்ச நேரம் தள்ளிக்கொடுக்கும். கொழும்பில் நின்று நின்று போகிறவருக்கு இது பயன்படும். உப்புவெளி தாண்டினால் பிரேக்கே பிடிக்க வேண்டியில்லாத உங்கள் வீதியில் சேமிக்க என்ன இருக்கிறது? எஞ்சினை நிறுத்தி எழுப்புகிற கார்களுக்குச் சாதாரண பற்றறி பொருந்தாது, அதற்கென்று வருகிற விலை கூடிய பற்றறிதான் போட வேண்டும். ஹைபிரிட் இல்லாத ஸ்விப்ட் கிடைத்தால் அதையே எடுங்கள்.

பெற்றோலைப் பொறுத்தவரை இந்த ஐந்துக்கும் ஒக்ரேன் 92 போதும். ஜப்பானின் சாதாரண பெற்றோலுக்கு அங்கே கேட்கிற குறைந்த அளவே 89தான். 95 அடித்தால் இழுவை கூடும் என்பது உங்கள் காருக்குப் பொருந்தாது. 1400 சீசீ டர்போவோடு வருகிற ஸ்விப்ட் ஸ்போர்ட்டுக்குத்தான் உயர் ஒக்ரேன் வேண்டும்.

கார் பார்க்கப் போகும்போது பெயரை விட்டுவிட்டுச் செசி இலக்கத்தைப் பாருங்கள். சீஆர் எனப்படும் வாகனப் பதிவுப் பத்திரத்தில் இருக்கும். 2017க்குப் பிந்திய ஜப்பான் ஸ்விப்டில் அது இசட்சி83எஸ் என்று தொடங்கினால் ஹைபிரிட் இல்லாத 1200. இசட்சி53எஸ் என்றால் ஹைபிரிட், இசட்சி13எஸ் என்றால் 1000 டர்போ. 2010 தொடங்கி 2017 வரைக்குமான பழைய உருவம் இசட்சி72எஸ். அதில் டுவல்ஜெட் 2013இலிருந்துதான், ஆனால் அதற்கு முந்தியதும் நல்ல எஞ்சினே. எஞ்சின் கொள்ளளவு 1242 என்று இருக்க வேண்டும். 1197 என்று இருந்தால் ஒன்றில் அது இந்தியாவில் கட்டியது, அல்லது 2023 கடைசியில் வந்த மூன்று சிலிண்டர் புதியது. இரண்டும் கூடாத கார்கள் இல்லை, ஆனால் 1242இன் விலையைக் கொடுத்து வேறொன்றை வாங்கிவிடக் கூடாது.

எங்கள் ஊரில் ஓடிய காராக இருந்தால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கடற்காற்று. முன் பம்பரின் வலைக்குள்ளால் டோர்ச் அடித்து ஏசி கொண்டென்சரைப் பாருங்கள். அலுமினியத் தகடுகள் நேராக, பளபளப்பாக இருந்தால் நல்லது. கீழ் ஓரத்தில் சாம்பல் நிறமாகிக் குச்சியால் தொட்டதும் வெள்ளைத் தூளாக உதிர்ந்தால், கடலுக்குப் பக்கத்தில் திறந்த வெளியில் நின்ற கார். பொனற்றைத் திறந்து, பற்றறியின் நெகட்டிவ் வயர் உடலோடு பூட்டியிருக்கிற ஆணியையும் பாருங்கள். அங்கே பச்சை பூத்திருந்தால், எஞ்சின் கணினி காட்டுகிற சில கோளாறுகளுக்கு அதுவே காரணமாக இருக்கலாம். சுத்தம் செய்தால் சரியாகிவிடும், ஆனால் விலை பேசும்போது சொல்லிக் குறைக்கலாம். ஹைபிரிட் காராக இருந்தால் முன்பக்கப் பயணி ஆசனத்தின் கீழ் விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். லித்தியம் பற்றறி அந்த இடத்தில்தான். சேற்றுத் தடமோ துருவோ இருந்தால் மாரி வெள்ளத்தில் நின்ற வண்டி.

காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே போய், நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். முதல் சில செக்கன்களுக்குக் கரகரவென்று செயின் சத்தம் கேட்டு, பிறகு அடங்கினால், ஒயில் ஒழுங்காக மாற்றாத எஞ்சினாக இருக்கலாம். விற்கிறவர் நீங்கள் வரமுதலே எஞ்சினைச் சூடாக்கி வைத்திருந்தால், அடுத்த நாள் காலையில் திரும்ப வருகிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள். அப்புறம், ஓட்டிப் பார்க்கும்போது கணவரையும் பிள்ளைகளையும் அம்மாவையும் கூட்டிப்போய், ஏசியைப் போட்டு, கடற்கரையிலிருந்து உவர்மலை ஏற்றத்தில் ஒருதரம் ஏற்றிப் பாருங்கள்.