சீப்புச் சீடை கப்பலில் போகுமா?

கேள்வி: கானாடுகாத்தானில் நானும் என் ஓரகத்தியும் வீட்டிலேயே பலகாரம் போட்டு விற்கிறோம். தேன்குழல், சீப்புச் சீடை, மாவுருண்டை, அதிரசம், மசாலாப் பொடி எல்லாம் உண்டு. சிங்கப்பூரில் கடை வைத்திருக்கும் உறவினர் தீபாவளிக்கு 60 பெட்டி கேட்கிறார். விமானக் கூலி கட்டுப்படியாகவில்லை. கப்பலில் அனுப்பினால் நமத்துப் போகாதா? என்னென்ன பதிவு வேண்டும்?

பதில்: தாராளமாகப் போகும். ஆனால் நீங்கள் சொன்ன எல்லாமும் போகாது. அதிரசத்தை முதலில் எடுத்துவிடுங்கள். பாகின் ஈரம் உள்ளேயே இருப்பதால் பூசணம் பிடிக்கும்; எந்தப் பையில் அடைத்தாலும் அது மாறாது. மாவுருண்டையும் வேண்டாம். துறைமுக வெயிலில் நெய் இளகி உருண்டை உதிர்ந்துவிடும். தேன்குழலும் சீப்புச் சீடையும் போதும்.

பெட்டி கிளம்பும் தேதியை விடுங்கள், அடுப்பிலிருந்து இறக்கிய தேதியிலிருந்து நாளை எண்ணுங்கள். 60 பெட்டிக்கு முழுக் கண்டெய்னர் தேவையில்லை. பலருடைய சரக்கோடு சேர்த்து ஏற்றும் எல்.சி.எல். முறையில்தான் உங்களுடையது போகும். கண்டெய்னர் நிரம்பும்வரை துறைமுகக் கிடங்கில் காத்திருக்க வேண்டும், அங்கே இறங்கியபின் பிரித்துக் கொடுக்கவும் நாளாகும். கப்பல் ஓடுகிற நாளைவிடக் கரையில் கிடக்கிற நாள்தான் அதிகம். வீட்டிலிருந்து கடைக்குப் போய்ச் சேர ஒரு மாதம் என்று வையுங்கள். கடையில் இரண்டு மாதமாவது நிற்க வேண்டும். தாமதத்துக்கு ஒரு மாதம் கூட்டி, நான்கு மாதம் தாங்காத பலகாரத்தை அனுப்பாதீர்கள். தீபாவளிக்கென்றால் ஆவணி முடிவதற்குள் சரக்கு கிளம்பியிருக்க வேண்டும்.

நமத்துப் போவதைப் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள். எண்ணெய் கெட்டு வாடையடிக்கும் காறலைப் பற்றியும் அதே அளவு கவலைப்பட வேண்டும். வெயிலில் நிற்கும் கண்டெய்னருக்குள் சூடு 50 டிகிரியைத் தாண்டும். இரவில் இரும்புக் கூரை குளிர்ந்ததும் உள்ளே இருக்கிற ஈரம் நீர்த்துளியாகிச் சரக்கின் மேல் சொட்டும். கண்டெய்னர் வியர்க்கிறது என்பார்கள். பக்கத்தில் யாருடைய சரக்கு, அதில் எவ்வளவு ஈரம், என்ன வாடை என்பது உங்கள் கையில் இல்லை. உங்கள் கையில் இருப்பது பையும் பெட்டியும் மட்டும்தான். செலவை அங்கே செய்யுங்கள்.

சாதாரண பாலிதீன் பை வேண்டவே வேண்டாம். அலுமினியத் தாள் சேர்ந்த பல அடுக்குப் பவுச் வாங்கி, காற்றை வெளியேற்றி நைட்ரஜன் நிரப்பி ஒட்டச் சொல்லுங்கள். ஆக்சிஜன் இல்லாவிட்டால் எண்ணெய் காறுவது வெகுவாகத் தள்ளிப்போகும். பை உப்பலாக நிற்பதால் சீடை நொறுங்குவதும் குறையும். பலகாரம் அடிவரை முழுக்க ஆறியிருக்க வேண்டும். வெதுவெதுப்பாக அடைத்தால் ஆவி உள்ளேயே தங்கி, கப்பல் ஏறுவதற்கு முன்பே நமத்துவிடும். ஒட்டிய பைகளில் சிலவற்றை எடுத்து வாளித் தண்ணீரில் அமுக்கிப் பாருங்கள். ஓரத்தில் ஊசிமுனை அளவு குமிழி வந்தாலும் அந்த வரிசை முழுவதையும் பிரித்து மறுபடி ஒட்டுங்கள். இதில் தயவு தாட்சணியமே பார்க்காதீர்கள்.

ஏற்றுமதிக்குப் போடுவதற்குப் புது எண்ணெய்தான். சூரியகாந்தி எண்ணெய் சீக்கிரம் காறும். பாமாயிலும் கடலை எண்ணெயும் அதைவிடத் தாங்கும். கடலை எண்ணெய் என்றால் நிலக்கடலை ஒவ்வாமை எச்சரிக்கை லேபிளில் இருக்க வேண்டும். இந்தக் கத்திரி வெயிலில் பத்துப் பதினைந்து பைகளைத் தகரக் கொட்டகையில் போட்டு வையுங்கள். பதினைந்து நாளுக்கு ஒன்றாகப் பிரித்து முகர்ந்து, தின்று பாருங்கள். என்.ஏ.பி.எல். என்ற தேசிய வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் ஈரப்பதமும், காறலைக் காட்டும் பெராக்சைடு அளவும் பார்த்துக்கொண்டால், லேபிளில் போடுகிற காலாவதித் தேதிக்கு ஆதாரம் கிடைக்கும்.

பெட்டி ஐந்தடுக்கு அட்டையாக இருக்கட்டும். உள்ளே ஒரு பெரிய பிளாஸ்டிக் உறை போட்டு, அதற்குள் பவுச்சுகளை அடுக்குங்கள். மரப் பலகை மேல் ஏற்றுவதானால் சூடேற்றிப் பதப்படுத்திய முத்திரை உள்ள பலகைதான் வேண்டும். மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரியில் 30 நிமிடம் இருந்திருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி.

இனிக் கூலி. 40, 30, 30 சென்டிமீட்டர் பெட்டி ஒன்று 0.036 கன மீட்டர். 60 பெட்டி 2.16 கன மீட்டர். எடை ஒரு கன மீட்டருக்கு ஒரு டன்னைத் தாண்டாதவரை கப்பலில் இடத்துக்குத்தான் காசு. தேன்குழல் இடத்தை அடைக்கும், கனக்காது. அதனால் பெட்டியில் வெற்றிடம் விட்டால் காற்றுக்குக் கூலி கொடுக்கிறீர்கள். இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று: எல்.சி.எல்.லில் கடல் கூலியை அடிமாட்டு விலைக்குச் சொல்லிவிட்டு, சிங்கப்பூரில் இறக்குகிறபோது உறவினரிடம் தீட்டிவிடுவார்கள். தூத்துக்குடியோ சென்னையோ, எந்த ஏஜென்ட்டிடமும் இறங்குமிடச் செலவையும் சேர்த்து எழுத்தில் வாங்காமல் சரக்கைக் கொடுக்காதீர்கள்.

பதிவுகள் நீங்கள் பயப்படும் அளவுக்கு இல்லை. மத்திய அரசின் வெளிநாட்டு வர்த்தக இயக்ககமான டி.ஜி.எஃப்.டி. தளத்தில் ஐ.இ.சி. என்ற ஏற்றுமதி-இறக்குமதி எண், ஏற்றுமதிப் பணம் வரும் வங்கிக் கிளையின் அடையாள எண்ணான ஏ.டி. கோடைத் துறைமுகத்தில் பதிவது, ஜி.எஸ்.டி. கட்டாமல் அனுப்ப ஆண்டுதோறும் எல்.யு.டி. என்ற உறுதிமொழிக் கடிதம், இவை வேண்டும். உணவுப் பாதுகாப்பில் உள்ளூர் வியாபாரத்துக்கு எடுத்த சிறு பதிவு போதாது. ஏற்றுமதிக்கு மத்திய உரிமம் எடுங்கள். சுங்கத்துக்குக் கொடுக்கும் ஏற்றுமதி அறிவிப்பான ஷிப்பிங் பில்லைக் கிளியரிங் ஏஜென்ட் போட்டுக் கொடுப்பார். அந்தப் பக்கம் உறவினர் சிங்கப்பூர் உணவு முகமையான எஸ்.எஃப்.ஏ.வில் இறக்குமதியாளராகப் பதிந்து, ஒவ்வொரு சரக்குக்கும் அனுமதி வாங்க வேண்டும். லேபிள் ஆங்கிலத்தில், சேர்மானங்கள் எடை வரிசையில், அவருடைய கடை முகவரியோடு இருக்க வேண்டும். அச்சுக்குக் கொடுக்கும் முன் வரைவை அவருக்கு அனுப்பிச் சரிபாருங்கள்.

மசாலாப் பொடி கனமான சரக்கு, இடமும் குறைவு. கூலிக் கணக்கில் பலகாரத்தோடு சேர்ப்பது லாபம்தான். ஆனாலும் முதல் தடவை சேர்க்க வேண்டாம். 2024 ஏப்ரலில் சில இந்திய மசாலாக்களில் எத்திலீன் ஆக்சைடு என்ற கிருமிநாசினி இருந்ததாகச் சிங்கப்பூரும் ஹாங்காங்கும் அறிவித்தன. அதன்பின் அந்த இரண்டு ஊர்களுக்கும் போகும் மசாலாவுக்கு, இந்திய நறுமணப் பொருள் வாரியமான ஸ்பைசஸ் போர்டு, சோதனையைக் கட்டாயமாக்கியது. அந்த வாரியத்தில் ஏற்றுமதியாளர் பதிவும் வேண்டும். பொடிக்கு ஒரு காகிதம் குறைந்தாலும் அதே பில்லில் உள்ள சீடையும் சேர்ந்து நிற்கும்.

சரக்கு இன்ஷூரன்ஸ் கட்டாயம் எடுங்கள், அதை முழுக்க நம்பிவிடாதீர்கள். பெட்டி நனைந்தால், காணாமல் போனால் பணம் வரும். தானாகக் காறியதற்கும், மோசமாகக் கட்டியதால் நொறுங்கியதற்கும், தாமதத்தால் கெட்டதற்கும் வராது. முழுப் பாதுகாப்பு என்று விற்கும் பாலிசியிலும் இவை விலக்குதான்.

ஒவ்வொரு ஈட்டிலும் ஆறு பவுச் உங்கள் வீட்டில் நிறுத்திக்கொள்ளுங்கள். ஈட்டு எண் (பேட்ச் நம்பர்) பையிலும் பெட்டியிலும் இருக்கட்டும். சரக்கு சேர்ந்த அன்று உறவினர் ஒன்றைப் பிரிக்கட்டும், அதே எண்ணில் நீங்களும் ஒன்றைப் பிரியுங்கள். இரண்டும் காறியிருந்தால் கோளாறு எண்ணெயில். அங்கே மட்டும் நமத்திருந்தால் ஒட்டலை, பெட்டியைப் பாருங்கள்.