குப்பி எப்போது கொளுத்த வேண்டும்?

அன்புள்ள சேர்,

நான் மூதூர். திருகோணமலை வளாகத்தில் வணிக முகாமைத்துவம் முதலாம் வருடம், முதலாம் செமஸ்டர். தொடங்கி ஐந்து கிழமை ஆகிறது. உயர்தரம் தமிழில் படித்தேன், பெறுபேறு நல்லது. இங்கே எல்லாம் ஆங்கிலம். விரிவுரையில் சொல்வதை ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டு வருகிறேன். இரவில் கொப்பியைத் திறந்தால் ஒன்றும் விளங்குவதில்லை. கூடப் படிக்கிறவர்கள், "பரீட்சைக்கு முந்திய ஸ்டடி லீவில் சீனியர் அக்காமார் குப்பி வகுப்பு வைப்பார்கள், எல்லாம் அதில் வந்துவிடும், பயப்படாதே" என்கிறார்கள். தினமும் வீட்டிலிருந்துதான் போய்வருகிறேன், இரண்டு பஸ், போக வர நான்கு மணித்தியாலம். விடுதிக்கு விட வீட்டில் யோசிக்கிறார்கள். விடுதிதான் நல்லதா? லெப்டொப் இப்போதே வாங்க வேண்டுமா? இந்தப் படிப்பே எனக்குச் சரிவராதோ என்றும் சில நேரம் நினைக்கிறேன். என் பெயரைப் போட வேண்டாம்.

---

அன்புள்ள பிள்ளைக்கு,

சரிவராதோ என்ற கேள்வியை முதலில் ஓரமாக வைக்கிறேன். ஐந்தாம் கிழமையில் யாருக்கும் எதுவும் சரிவருவதில்லை. முதல் செமஸ்டர் பெறுபேறு கைக்கு வந்தபிறகு அதைக் கேளுங்கள், அப்போது பேசலாம்.

விடுதியா வீடா என்பதற்குக் கணக்கே பதில் சொல்லும். எங்கள் பல்கலைக்கழகங்களில் ஒரு கிரெடிட் என்றால் மாணவர் தரப்பில் 50 மணித்தியால உழைப்பு. மூன்று கிரெடிட் பாடம் ஒன்றுக்கு 150. அதில் விரிவுரை 45 மணித்தியாலம்தான். மிச்சம் 105 உங்கள் பொறுப்பு. 15 கிழமைக்குப் பிரித்தால் ஒரு பாடத்துக்குக் கிழமையில் ஏழு மணித்தியாலம். இப்படி ஐந்து பாடம். நீங்களோ நாளுக்கு நான்காகக் கிழமைக்கு 20 மணித்தியாலத்தைப் பஸ்ஸுக்குக் கொடுக்கிறீர்கள். செமஸ்டர் முடிய 300 மணித்தியாலம், அதாவது ஆறு கிரெடிட், இரண்டு முழுப் பாடம். கிண்ணியாப் பாலத்தின் மேலே போகிற பஸ்ஸில் இருக்கை கிடைத்துக் கொப்பி விரிக்க முடிந்தால் கொஞ்சம் குறையும். நின்றுகொண்டு வந்தால் குறையாது. இந்தக் கணக்கை அப்பா அம்மாவிடம் ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். விடுதி கிடைக்காவிட்டால் உப்புவெளிப் பக்கம் இரண்டு மூன்று பிள்ளைகளோடு சேர்ந்து அறை எடுக்கலாம். அதற்கும் விடமாட்டார்கள் என்றால் சண்டை போட வேண்டாம். இருக்கிற நேரத்தை எப்படிச் செலவழிப்பது என்று பார்ப்போம்.

இனி நீங்கள் கேட்காத விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்ததே அந்த ஒரு சொல்லுக்காகத்தான். குப்பி.

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு விளக்கம். போத்தலில் மண்ணெண்ணெய் ஊற்றித் திரி போட்டுக் கொளுத்துவது குப்பி விளக்கு. அந்த வெளிச்சத்தில் தெரிந்தவன் தெரியாதவனுக்குச் சொல்லிக்கொடுத்த வகுப்புக்குக் குப்பி என்றே பெயர் நின்றுவிட்டது. சிங்கள மாணவர்களுக்கும் இதே சொல்தான். (எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு வேறொரு கனத்த பொருளும் இருந்தது. அதை இங்கே இழுக்கவில்லை.) எந்த நிர்வாகமும் சுற்றறிக்கை போடாமல், எந்தத் திட்டமும் காசு ஒதுக்காமல் பிள்ளைகள் தாங்களாகவே உண்டாக்கிக்கொண்ட ஏற்பாடு இது. எங்கள் பல்கலைக்கழகங்களில் இதைவிட நல்லதாக எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆகவே குப்பி கூடாது என்று சொல்ல வருகிறேன் என்று நினைக்க வேண்டாம்.

நீங்கள் அதைப் பிழையான நேரத்துக்கு ஒத்திப்போடுகிறீர்கள், பிழையான பக்கத்தில் உட்காரப் பார்க்கிறீர்கள். அதுதான் என் கோபம்.

ஸ்டடி லீவுக் குப்பியில் என்ன நடக்கும்? நூறு பேர் ஒரு மண்டபத்தில், அல்லது சூமில். அக்கா ஒருத்தி மூன்று மணித்தியாலத்தில் 15 கிழமையை ஓட்டுவாள். "இது வரும், இது வராது, இதை விடு." அவள் நல்ல பிள்ளைதான், தன் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டுதான் வருகிறாள். ஆனால் அவள் கையில் இருப்பது போன வருடத்து நோட்ஸ். விரிவுரையாளர் மாறியிருக்கலாம், பாட அலகு மாறியிருக்கலாம். ஒரு பட்சில் யாரோ பிழையாகக் கூட்டிய கணக்கு அடுத்த மூன்று பட்சுக்கும் அப்படியே போட்டோக்கொப்பியாகிப் போவதுண்டு. அதைவிட மோசம், கேட்டுக்கொண்டிருக்கும்போது எல்லாம் விளங்கியது போல இருக்கும். அடுத்தவர் சைக்கிள் ஓடுவதைப் பார்க்கும்போதும் அப்படித்தான். ரியூசன் வகுப்பில் 300 பேரோடு இருந்து கேட்டுப் பழகிய காது, இங்கேயும் ஒரு ரியூசன் மாஸ்டரைத் தேடுகிறது. உயர்தரத்தில் அது சரிவந்தது. அங்கே பாடத்திட்டம் நாடு முழுவதற்கும் ஒன்று, சந்தையில் மாதிரி வினாத்தாள் மலையாகக் கிடக்கும். இங்கே வினாத்தாள் எடுப்பவர் உங்களுக்கு முன்னால் நின்று விரிவுரை செய்கிறவர்தான்.

புள்ளிக் கணக்கையும் பாருங்கள். தொடர் மதிப்பீட்டுக்கு 40, இறுதிப் பரீட்சைக்கு 60 என்று ஒரு பாடம் இருந்தால், ஸ்டடி லீவு வரும்போது அந்த 40 முடிந்துபோன கதை. அதில் 12 எடுத்தவள் மொத்தம் 60 புள்ளிக்கு வர, இறுதியில் 60க்கு 48 எடுக்க வேண்டும். 28 எடுத்தவளுக்கு 32 போதும். எந்த அக்காவின் குப்பியும் அந்தப் 16 புள்ளியைத் திருப்பித் தராது. ஒரு பாடம்தானே என்றும் இருக்காதீர்கள். நான்கு பாடத்தில் பி (3 புள்ளி), ஒன்றில் டி (1 புள்ளி) என்றால் ஜீபீஏ, அதாவது தரப்புள்ளிச் சராசரி, 3.0 இல் இருந்து 2.6க்கு இறங்கிவிடும். அடுத்த செமஸ்டர் முழுவதும் 3.4 எடுத்தால்தான் பழைய 3.0க்கு ஏறலாம்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. சீனியர் குப்பியை மட்டும் நம்பியிருக்கிற பிள்ளையிடம்தான் "பகிடிவதைக்கு (ராகிங்) வராதவளுக்குக் குப்பி இல்லை" என்று மிரட்ட முடியும். 1997 இல் பேராதனையில் பொறியியல் மாணவன் ஒருவன் பகிடிவதையால் செத்தான். மறு வருடம் 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது. பகிடிவதைக்கு இரண்டு வருடம் வரை கடூழியச் சிறை, பாலியல் தொந்தரவோ கடுங்காயமோ என்றால் பத்து வருடம் வரை. அப்படி மிரட்டினால் எழுத்தில் முறையிடுங்கள், திகதியும் நேரமும் போட்டு. உங்களுக்கென்று சொந்தக் குப்பி இருந்தால் அந்த மிரட்டல் பாதி செத்துப்போகும்.

சொந்தக் குப்பி எப்படி வைப்பது? ஆறு பேர். எட்டுக்கு மேல் போனால் இரண்டு பேர் பேசுவார்கள், மிச்சப் பேர் போன் பார்ப்பார்கள். ஆறும் உங்களைப் போலத் தடுமாறுகிறவர்களாக இருக்க வேண்டாம், எல்லாரும் கெட்டிக்காரராகவும் வேண்டாம். விரிவுரை இல்லாத ஒரு பின்னேரம், இரண்டு மணித்தியாலம், அதற்கு மேல் ஒரு நிமிடமும் இல்லை. மாலை பஸ்ஸையும் பிடிக்கலாம். தலைப்பை மூன்று நாளுக்கு முன்பே ஒருவருக்குக் கொடுத்துவிட வேண்டும். அன்றைக்கு அவர் கொப்பியை மூடிவைத்துவிட்டு, பலகையில் 20 நிமிடம் விளங்கப்படுத்த வேண்டும். தமிழில். வெட்கப்பட ஒன்றுமில்லை. 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷனரி டொக்டர் கிறீன் மேலைத்தேய மருத்துவத்தையே தமிழில்தான் படிப்பித்தார். உங்கள் மைக்ரோ எக்கொனொமிக்ஸ் அதைவிடப் பெரியதில்லை.

விளங்கப்படுத்தும்போதுதான் எங்கே கால் வழுக்குகிறது என்று தெரியவரும். கேள்வி (டிமாண்ட்) நெகிழ்ச்சியை எடுங்கள், அதாவது விலை ஒரு வீதம் மாறினால் வாங்குகிற அளவு எத்தனை வீதம் மாறும் என்பது. உப்பு விலை ஏறினாலும் கறிக்கு உப்பைக் குறைப்பதில்லை, பாரை மீன் விலை ஏறினால் சூடைக்கு மாறிவிடுகிறோம். இவ்வளவும் எல்லாரும் சொல்வார்கள். "நேர்கோடான கேள்வி வளையியில் நெகிழ்ச்சி எல்லா இடத்திலும் ஒன்றா?" என்று ஒருத்தி கேட்கட்டும். ஆறில் நான்கு பேர் ஆம் என்பார்கள், சாய்வையும் நெகிழ்ச்சியையும் ஒன்றென்று நினைத்துக்கொண்டு. விலை 8 ரூபாயில் 20 அலகு, 2 ரூபாயில் 80 அலகு என்று ஒரு கோடு கீறுங்கள். சாய்வு மாறவில்லை. முதல் புள்ளியில் நெகிழ்ச்சி 4, இரண்டாவதில் 0.25 (கழித்தல் குறியை விட்டுவிட்டுச் சொல்கிறேன்). இதைப் பலகையில் நின்று தடுமாறிக் கண்டுபிடித்தவள் பரீட்சையில் மறக்கமாட்டாள். வாயைப் பார்த்துக்கொண்டிருந்தவள் மறப்பாள்.

அதன்பிறகு பேச்சு இல்லை. கடந்தகால வினாத்தாளில் அதே தலைப்பில் ஒரு வினா. மூன்று மணித்தியாலத்துக்கு ஐந்து வினா என்றால் ஒன்றுக்கு 36 நிமிடம். மணிக்கூட்டை வைத்துக்கொண்டு ஆறு பேரும் கையால் எழுதுங்கள். இது ஆங்கிலத்தில். தமிழில் விளங்கி ஆங்கிலத்தில் எழுதுவதற்கு நடுவே ஒரு பள்ளம் இருக்கிறது. அதைப் பரீட்சை மண்டபத்தில் முதன்முதல் சந்திக்கக் கூடாது. எழுதியதும் தாளை மாற்றிக்கொண்டு திருத்துங்கள். திருத்துகிற கை இரண்டு மடங்கு படிக்கிறது. ஒருவருக்கும் பதில் தெரியாத இடத்தை ஒரு துண்டில் எழுதி, அடுத்த நாள் விரிவுரையாளரிடம் ஒரே ஒரு கேள்வியாகக் கொண்டுபோங்கள். "சேர், ஒன்றும் விளங்கவில்லை" என்று போனால் அவருக்கும் ஒன்றும் விளங்காது.

முதல் முறை நீங்கள்தான் நிற்க வேண்டும். எனக்கு இங்கிலிஷ் வராது, நான் கடைசியில் நிற்கிறேன் என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். இப்போதே வருகிறது.

விரிவுரையில் எல்லாவற்றையும் எழுதுவதை இன்றோடு நிறுத்துங்கள். எழுதுகிற கைக்குக் காது கேட்காது. வலப்பக்கத்தில் மட்டும் எழுதுங்கள், தலைப்பு, படம், உதாரணம், அவர் இரண்டு தரம் சொன்னது, இவ்வளவும் போதும். இடப்பக்கம் வெறுமையாக இருக்கட்டும். அன்றைக்கே, பஸ்ஸில் என்றாலும், 20 நிமிடத்தில் அந்தப் பக்கத்தை நிரப்புங்கள். வேறு ஒரு கொப்பியில் மூன்று நிரல் போடுங்கள். முதலாவதில் ஆங்கிலச் சொல், இரண்டாவதில் உயர்தரத்தில் படித்த தமிழ்ச் சொல், மூன்றாவதில் உங்கள் சொந்த உதாரணம். டிமாண்ட் என்றால் கேள்வி, சப்ளை என்றால் நிரம்பல், டிப்ரிசியேசன் என்றால் பெறுமானத் தேய்வு, டெபிட் என்றால் வரவு. விரிவுரைக்குப் பத்துச் சொல் போதும். முதல் செமஸ்டரில் வருவதில் பெரும்பகுதி நீங்கள் ஏற்கெனவே படித்ததுதான், உடுப்பு மாற்றிக்கொண்டு வந்திருக்கிறது. முகத்தைப் பார்த்தால் அடையாளம் தெரியும்.

வரவு என்றதும் ஞாபகம் வருகிறது. 80 வீத வரவு கேட்கிற இடத்தில், 15 விரிவுரையில் மூன்றுதான் விடலாம். நான்காவதை விட்டால் 73 வீதம், பரீட்சைக்கு விடமாட்டார்கள். மழைக்கு ஒன்று, காய்ச்சலுக்கு ஒன்று என்று இப்போதே ஒதுக்கிவையுங்கள். ஸ்டடி லீவில் அக்காமார் குப்பி வைத்தால் அதற்கும் போங்கள், அன்றைக்கு நீங்கள் கேட்கிற கேள்வியைக் கேட்டு அக்கா கொஞ்சம் யோசிக்கட்டும்.

லெப்டொப் இப்போது வேண்டாம். ஒப்படைகளுக்கு வளாகத்தில் இருக்கிற கணினிகள் போதுமா என்று ஒரு செமஸ்டர் பார்த்துவிட்டு வாங்கலாம். இந்தக் கிழமை இரண்டு சீஆர் கொப்பியும் ஒரு வெண்பலகைப் பேனையும் வாங்குங்கள்.