ரத்தம் தெறித்தும் நிறைவில்லையே, ஏன்?

கேள்வி: எங்கள் ஊர்ப் பெரிய வீடு ஒன்றில் சண்டை எடுத்தார்கள் என்பதற்காகவே ஓர் அதிரடிப் படத்துக்குப் போனேன். படம் முழுக்க ரத்தம். “கரடுமுரடான படமென்றால் இப்படித்தான் இருக்கும் அப்பச்சி” என்கிறான் என் மகன். எனக்கு ஏன் நிறைவே வரவில்லை?
– வாசகர், கானாடுகாத்தான்

பதில்: அந்தச் சண்டையில் கதாநாயகனுக்கு உடம்பில் எங்கே அடிபட்டது என்று உங்கள் மகனைக் கேட்டுப் பாருங்கள். அநேகமாகச் சொல்லமாட்டார், சொன்னாலும், அடுத்த காட்சியில் அந்தக் காயம் என்ன ஆயிற்று என்று சொல்ல முடியாது. நாற்பது பேரை வீழ்த்தியவன் சட்டை மடிப்புக் கலையாமல் பாட்டுக்குப் போய்விடுகிற படத்தில் எத்தனை குடம் ரத்தம் கொட்டினாலும், அது ஒப்பனைக்காரர் கலக்கிய சாயமாகவே நிற்கும்.

1988-இல் வந்த ‘டை ஹார்ட்’ படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். விமானப் பயணக் களைப்புத் தீர, கதாநாயகன் காலணியைக் கழற்றிவிட்டு இளைப்பாறும் வேளையில்தான் கொள்ளையர்கள் கட்டடத்தைப் பிடிக்கிறார்கள். அவன் வெறுங்காலோடு அலைவதைக் கவனித்துவிட்ட வில்லன், பின்னர் ஒரு மோதலில் கண்ணாடிகளைச் சுடச் சொல்கிறான். சில்லுகளின் மேல் ஓடித் தப்பியவன் குளியலறையில் உட்கார்ந்து பாதத்திலிருந்து சில்லைப் பிடுங்கும்போது, பார்ப்பவர்கள் தங்கள் காலை உள்ளே இழுத்துக்கொள்கிறார்கள். துப்பாக்கிச் சூட்டுக்குப் பஞ்சமே இல்லாத அந்தப் படத்தில் எனக்கு இன்றும் நினைவிருப்பது அந்தப் பாதம்தான். அதோடு, எதிராளிக்கு அங்கே மூளை இருக்கிறது. நம் படங்களிலோ அடியாட்கள், மொய் எழுத வரிசையில் நிற்பவர்களைப் போல, ஒவ்வொருவராக வந்து அடிவாங்கிக்கொண்டு போகிறார்கள்.

இனி, அந்த வீடு. ஏ.வி.எம். நிறுவனம் 1940-களில் தேவகோட்டை ரஸ்தாவில் படம் எடுத்த காலத்திலிருந்தே உங்கள் செட்டிநாட்டு வட்டாரத்துக்குக் கேமரா புதிதன்று. ஆனால் கேமராவுக்கு உங்கள் வீடுகள் இன்னும் பிடிபடவில்லை என்றே நினைக்கிறேன். முகப்பு, வளவு எனும் நடுமுற்றம், இரண்டாங்கட்டு, அடுப்படி என்று வாசல்கள் ஒரே நேர்கோட்டில் அமைந்து, வீடு பின் தெருவரை நீள்கிறது. முகப்பில் நிற்பவன் அத்தனை நிலைகளின் வழியாகவும் பின்வாசலில் நிற்பவனைப் பார்த்துவிடலாம். வளவைச் சுற்றியுள்ள அறைகளில் யார் ஒளிந்திருக்கிறார் என்பது மட்டும் தெரியாது. தப்பும் வழி கண்ணுக்கு எதிரே இருக்க, ஆபத்து பக்கவாட்டில் காத்திருக்கிறது. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் தண்ணீர் சிந்தினால் கால் நிற்காது என்பதும் உங்களுக்குத் தெரியும். சண்டைக்கு முன்பாகவே இவற்றையெல்லாம் பார்வையாளருக்குக் காட்டிவைத்திருந்தால், ஒவ்வொரு கதவையும் கடக்கும்போது அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்திருப்பார். அதற்குப் பதிலாக நொடிக்கு ஒரு காட்சி மாற்றம், கயிற்றில் பறக்கும் உடல்கள், காது கிழியும் பின்னணி இசை. யார் வீட்டின் எந்தப் பகுதியில் நிற்கிறார் என்றே விளங்காதபோது, யாருக்காகப் பதறுவது?

கேமராவை ஆட்டிப் படத்தை இருட்டாக்கிவிட்டால் கரடுமுரடு வந்துவிடும் என்ற எண்ணம் இப்போது பரவலாக இருக்கிறது. 2019-இல் வந்த ‘கைதி’யும் முழுக்க இருட்டில், ஒரே இரவில் நடப்பதுதான். ஆனால் அதில் கதாநாயகனுக்கு ஒரு கெடு இருந்தது. சிறையிலிருந்து வெளிவந்தவன் இதுவரை பார்த்தேயிராத மகளைக் காணப் புறப்படுகிறான். வழியில் மயங்கிக் கிடக்கும் காவலர்களை லாரியில் ஏற்றிக்கொண்டு விரைய வேண்டியதாகிறது. காதலுக்கும் ஆட்டத்துக்கும் அங்கே நேரமில்லை. லாரி நிற்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் குழந்தையின் காத்திருப்பு நீள்வதால், சண்டை எப்போது முடியும் என்று நாம் தவிக்கிறோம். இறுதியில் அவன் கைக்கு வந்து சேரும் ராட்சத இயந்திரத் துப்பாக்கி, என் பார்வையில், சற்று மிகை. அதுவரை அவன் உடம்பால் சம்பாதித்ததை அந்த இரும்பு ஒரே மூச்சில் செலவழித்துவிடுகிறது. விசிலடித்தவர்களைக் குறை சொல்லமாட்டேன். அவர்களும் அதுவரை அவனோடு லாரியில் வந்தவர்கள்தானே.