நிக்கான் டி3500, கேனான் 1500டி: முதல் கேமராவாக எதை வாங்கலாம்?

வீட்டில் குழந்தைகளையும் விழாக்களையும் எடுக்க முதல் டிஎஸ்எல்ஆர் வாங்கப் போகிறீர்கள். இரண்டுமே 24 மெகாபிக்சல், இரண்டோடும் 18-55 லென்ஸ் வருகிறது, என்னதான் வித்தியாசம் என்று கேட்டிருக்கிறீர்கள். என் பதில் நிக்கான். அதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, லென்ஸ் பற்றிச் சொல்லும்போது அதற்கு வருகிறேன்.

மூன்று வருடமாக நான் 1500டி வைத்திருக்கிறேன். தம்பியிடம் டி3500. வீட்டு விசேஷம் என்றால் இரண்டையும் மாற்றி மாற்றிப் பிடிப்போம். இணையத்தில் தேடும்போது ஒன்றைக் கவனியுங்கள்: 1500டி சில நாடுகளில் 2000டி என்றும் ரெபெல் டி7 (T7) என்றும் விற்கப்பட்டது. எல்லாம் ஒரே கேமராதான்.

இரண்டும் 2018இல் வந்தவை. தொடுதிரை, திருப்பும் திரை, மைக் செருக இடம், 4கே வீடியோ எதுவும் இரண்டிலும் இல்லை. அதனால் அந்தப் பக்கம் ஒப்பிட்டு நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

பெரிய வித்தியாசம், ஒளியைப் படமாக மாற்றும் சென்சாரில் இருக்கிறது. ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருக்கும் குழந்தையை எடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஜன்னல் வெளுத்துவிடக் கூடாது என்று கொஞ்சம் இருட்டாகவே எடுத்து, பிறகு ரா ஃபைலில் (கேமரா சுருக்காமல் வைக்கும் மூலப் பதிவு) முகத்தை மட்டும் வெளிச்சமாக்குவோம். என் கேனானில் ஐஎஸ்ஓவை, அதாவது ஒளி உணர்திறன் அளவை, மிகக் குறைவான 100இல் வைத்து எடுத்திருந்தால்கூட அப்படி ஏற்றும்போது நிழல் பகுதியில் புள்ளி புள்ளியாக இரைச்சல் எழும்பிவிடும். தம்பியின் படத்தில் அதே அளவு ஏற்றினாலும் தோலின் நிறம் சுத்தமாக நிற்கும். 24 மெகாபிக்சல் என்ற எண்ணை மட்டும் பார்த்தால் இது தெரியவே தெரியாது. ஐஎஸ்ஓ எண்களும் அப்படித்தான். கேனான் 6400 வரை (நீட்டித்தால் 12800), நிக்கான் 25600 வரை என்று போட்டிருக்கும். நான் மனநிறைவோடு பயன்படுத்துவது கேனானில் 3200 வரை, நிக்கானில் 6400 வரை.

அப்புறம் வேகம். கேனானில் நொடிக்கு 3 படம், நிக்கானில் 5. பிறந்தநாள் மெழுகுவத்தியை ஊதும் அந்த ஒரு நொடியில் கூடுதலாகக் கிடைக்கும் இரண்டு படங்களில் ஒன்றுதான் பல தடவை நான் வைத்துக்கொண்ட படம். ஃபோகஸ் புள்ளிகள் கேனானில் 9, நிக்கானில் 11. ஆனால் இரண்டிலும் நடுப்புள்ளி மட்டுமே குறுக்கு வகை, அதாவது கிடைக்கோடு, செங்குத்துக்கோடு இரண்டையும் பிடித்து உறுதியாக ஃபோகஸ் செய்யும் வகை. வெளிச்சம் குறைந்தால் எதை வாங்கினாலும் நடுப்புள்ளியை வைத்தே ஃபோகஸ் செய்யுங்கள். பேட்டரி கணக்கு கேனானில் ஒரு சார்ஜுக்கு 500 படம், நிக்கானில் 1550. ஒரு கல்யாணத்துக்கு நான் இரண்டு பேட்டரி கொண்டுபோவேன், தம்பி சார்ஜரைக்கூட எடுத்து வரமாட்டான். எடையும் நிக்கானில்தான் குறைவு: பேட்டரியோடு 415 கிராம், கேனான் 475.

வீடியோவிலும் நிக்கான் ஒரு படி மேல். 1080இல் நொடிக்கு 60 ஃபிரேம் தரும், கேனான் 30தான். நிக்கானின் ஏஎஃப்-பி வகை கிட் லென்ஸ் (கேமராவோடு வரும் அந்த 18-55 லென்ஸ்) சத்தமில்லாமல் ஃபோகஸ் செய்யும். என் கேனான் கிட் லென்ஸின் மோட்டார் சத்தம் பதிவில் கேட்கும். ஆனால் உங்களுக்கு வீடியோதான் முக்கியம் என்றால் இரண்டுமே வேண்டாம்.

கேனானுக்கும் நல்ல பக்கங்கள் உண்டு. வைஃபை இருக்கிறது. விழா முடிவதற்குள் முழு அளவுப் படத்தை ஃபோனுக்கு மாற்றிவிடலாம். நிக்கானில் புளூடூத் மட்டும், தானாக வருவது 2 மெகாபிக்சல் சின்னப் படம்.

சரி, லென்ஸுக்கு வருவோம். கேனானின் ஈஎஃப் மவுண்ட் (லென்ஸை மாட்டும் வளையம்) 1987இல் வந்தது. தொடக்கத்திலிருந்தே ஃபோகஸ் மோட்டாரை லென்ஸுக்குள்ளேயே வைத்தார்கள். அதனால் பழைய ஈஎஃப் ஆட்டோஃபோகஸ் லென்ஸும் 1500டியில் தானாக ஃபோகஸ் செய்யும். நிக்கானின் எஃப் மவுண்ட் 1959ஆம் ஆண்டுக்காரர். அதன் பழைய ஆட்டோஃபோகஸ் லென்ஸ்கள் பலவற்றுக்கு கேமரா பாடியில் மோட்டார் வேண்டும், டி3500இல் அது கிடையாது. தம்பி இது தெரியாமல் 50 மி.மீ. 1.8டி லென்ஸை செகண்ட் ஹேண்டில் வாங்கினான். கையால் வளையத்தைத் திருகி, ஓடும் குழந்தையை எடுத்ததில் பாதிப் படம் கலங்கிப் போனது. விற்றவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நிக்கான் வாங்கினால் ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி என்று எழுதியிருக்கும் லென்ஸை மட்டும் எடுங்கள்.

இரண்டாவது லென்ஸ் ஒன்று கட்டாயம் வாங்குங்கள். 55 மி.மீ.யில் எஃப்/5.6 தரும் கிட் லென்ஸைவிட எஃப்/1.8 லென்ஸ் ஏறத்தாழ பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும் (எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் திறப்பு பெரிதாகும்). நிக்கானுக்கு டிஎக்ஸ் 35 மி.மீ. 1.8ஜி, வீட்டு அறைக்கு அளவெடுத்ததுபோல் இருக்கும். கேனானுக்கு 50 மி.மீ. எஸ்டிஎம். ஆனால் 1500டியின் சென்சார் ஃபிலிமைவிடச் சிறியது என்பதால் அதில் அது 80 மி.மீ. போலக் குறுகலாகத் தெரியும். முகங்களுக்கு அருமை, சின்ன அறையில் நான் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டியிருக்கிறது.

நான் சொன்ன விதிவிலக்கு இதுதான்: அண்ணனோ நண்பரோ கேனான் லென்ஸ்கள் வைத்திருந்து, உங்களுக்கும் தருவார் என்றால் தயங்காமல் 1500டி வாங்குங்கள். நல்ல லென்ஸ் போட்ட 1500டி, கிட் லென்ஸ் மட்டும் போட்ட டி3500ஐ இருட்டில் தாண்டிவிடும்.

செகண்ட் ஹேண்டில் வாங்கினால், நிக்கான் விற்பவரிடம் அன்று எடுத்த ஒரு படத்தைத் திருத்தாமல் அனுப்பச் சொல்லுங்கள். ஷட்டர் எத்தனை முறை இயங்கியது என்பது அந்த ஃபைலுக்குள்ளேயே பதிவாகியிருக்கும். கேனானில் அப்படிப் பதிவாகாது, கேபிளில் இணைத்து மென்பொருளில்தான் பார்க்க முடியும். லென்ஸை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, உள்ளே பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள். நிக்கான் கிட் லென்ஸில் விஆர், கேனானில் ஐஎஸ் என்று எழுதியிருக்க வேண்டும். கை நடுக்கத்தைக் குறைக்கும் அந்த வசதி இல்லாத 18-55 லென்ஸ்களும் இரண்டு கம்பெனியிலும் உண்டு, வெளிப்பார்வைக்கு அதேபோல்தான் இருக்கும்.